முதல் தடவை அறை அண்ணனாகப் போகிறேன்: ஏலகிரி முகாம், 10 பையன்கள், 3 ராத்திரி

காட்பாடித் தம்பி
ஏப்ரல் 23, இரவு 9.52

எல்லாருக்கும் தோத்திரம். எனக்கு 20 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மே இரண்டாவது வாரம் எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஏலகிரியில் கோடை முகாம். என்னை ஓர் அறைக்கு அண்ணனாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது முதல் ஐந்தாவது வரை படிக்கிற 10 பையன்கள். பாதிப் பேர் அம்மா அப்பா இல்லாமல் வெளியே தங்குவது இதுதான் முதல் தடவை.

வி.பி.எஸ்.ஸில் (கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி) மூன்று வருடம் பாட்டும் ஆக்‌ஷனும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கதையும் சொல்வேன். ஆனால் அங்கே மதியம் ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராத்திரி பிள்ளைகளோடு நான் இருந்ததே இல்லை. வீட்டில் நான்தான் கடைக்குட்டி, ஒரு தம்பி தங்கையைக்கூடத் தூங்க வைத்த பழக்கம் கிடையாது.

கமிட்டி ஒரு தாள் கொடுத்திருக்கிறது. காலை 5.45 எழுப்புதல், 6.15 அமைதி நேரம், 7.00 குளியல் என்று கால் மணி விடாமல் எழுதியிருக்கிறார்கள். கடைசி வரி, இரவு 9.30 விளக்கணைத்தல். 9.30க்கும் 5.45க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த எட்டேகால் மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?


ஆம்பூர் அண்ணன்
ஏப்ரல் 23, இரவு 11.20

தம்பி, கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாய். நான் 12 கோடை அறை அண்ணனாக இருந்திருக்கிறேன். அப்போது என் அறையில் இருந்த பையன்கள் இன்றைக்கு ஷூ கம்பெனியிலும் பேங்கிலும் வேலை செய்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நின்று பேசுவார்கள். ஒருவனும் பகலில் நடத்திய பாடத்தைச் சொன்னதில்லை. "அண்ணா, கரண்ட் போச்சே அன்னிக்கு, நீங்க கதை சொல்லிட்டே இருந்தீங்களே" என்பான். ராத்திரிதான் அவர்களுக்கு முகாம்.

வேலை வேலூரில் பஸ் கிளம்பும்போதே தொடங்கிவிடும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் பத்துப் பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரையும் கேட்டு வைத்துக்கொள். ராத்திரி அழுகிற பிள்ளைக்கு ரிஜிஸ்டர் பெயர் காதில் ஏறாது. அடிவாரத்தில் இருக்கிற பொன்னேரி தாண்டினால் மலைப்பாதை, 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்துப் பலகை நட்டிருப்பார்கள். திருவள்ளுவர், கம்பர், பாரி, காரி என்று வரும். ஆளுக்கு ஒரு வளைவு கொடுத்து, தன் பலகை வந்தால் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடு. வெளியே தூரத்தைப் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு வாந்தி குறையும். அப்படியும் இரண்டு பேர் எடுப்பார்கள், கவர் வைத்துக்கொள். கிளம்பும் முன் வயிறு முட்டத் தின்னக் கொடுக்க வேண்டாம் என்று வீடுகளுக்கு முந்தின நாளே சொல்லிவிடு.

அறைக்குப் போனதும் கதவோரக் கட்டிலை நீ எடுத்துக்கொள். ராத்திரி எவன் எழுந்து வெளியே போனாலும் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தூக்கத்தில் நடக்கிற பையன்கள் உண்டு. பாத்ரூம் விளக்கை அணைக்காதே, கதவை ஒரு சாண் திறந்து வை. இருட்டில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமலேயே பாதிப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு படுத்திருக்கும்.

வீட்டு ஞாபகம் பகலில் எட்டிப் பார்க்காது. விளையாட்டு, பாட்டு என்று ஓடிக்கொண்டிருப்பான். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது முகம் மாறும். விளக்கை அணைத்துப் பத்து நிமிடத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். கிட்டப் போய்க் கேட்டால் "வயிறு வலிக்குதுணா" என்பான். நிஜமாகவே வலிக்கும், பொய் இல்லை. அந்த நேரத்தில் "ஆம்பளப் பிள்ள அழலாமா" என்று மட்டும் சொல்லாதே. "எல்லாரும் சும்மா இருக்காங்க பார்" என்பதும் வேண்டாம். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார். உன் தலை அவன் தலைக்குச் சமமாக வரட்டும். "இந்நேரம் உங்க வீட்ல யார் என்ன பண்ணிட்டிருப்பாங்க?" என்று கேள். சொல்ல ஆரம்பிப்பான். நாய்க்குட்டி, பக்கத்து வீடு, அப்பா வேலை முடிந்து வருகிற நேரம் என்று போகும். சொல்லச் சொல்ல மூச்சு ஆறும்.

ஒரு வருடம் பேரணாம்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், எட்டு வயது இருக்கும். ஒரு மணி நேரம் ஆகியும் அடங்கவில்லை. கடைசியில் மெல்லக் கேட்டேன், வீட்டில் யார் பக்கத்தில் படுப்பாய் என்று. "எங்க ஆயா. அவங்க முந்தானையப் புடிச்சிக்கினுதான் தூங்குவேன்" என்றான். என்னிடம் முந்தானைக்கு எங்கே போவது? தோளில் கிடந்த ஈரிழைத் துண்டைக் கொடுத்தேன். அதன் ஓரத்தைக் கட்டை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுற்றிய விரலைக் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டான். ஐந்து நிமிடம்தான், தூங்கிவிட்டான். அப்புறம் ஒவ்வொரு முகாமுக்கும் பழைய பருத்தித் துண்டு இரண்டு கூடுதலாக எடுத்துப் போவேன்.


குடியாத்தம் அக்கா
ஏப்ரல் 24, காலை 6.40

பெண் பிள்ளைகள் அறைக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். பத்துத் தலைக்குப் பின்னல் போட முக்கால் மணி நேரம் ஆகும், கமிட்டித் தாளில் அதற்கு நேரமே இருக்காது. பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னிவிடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் மனதில் இருப்பதைப் பேசும். அக்கா முகத்தைப் பார்க்காமல் பேசலாம் இல்லையா, அதனால்.

இன்னொன்று. ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கே இப்போது வயதுக்கு வருவது நடக்கிறது. நாப்கின் ஒரு பாக்கெட், மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள் அக்கா பையில் கட்டாயம் இருக்க வேண்டும். முகாமில் அப்படி நடந்தால் பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் போன் செய்யுங்கள். மற்ற அக்காமார்களைக் கூட்டிப் பேச வேண்டாம். சடங்கு, உறவு எல்லாம் அந்த வீடு பார்த்துக்கொள்ளும். பிள்ளை பயந்துபோகாமல் இருக்க என்ன சொல்ல வேண்டுமோ அதை மட்டும் நாம் சொன்னால் போதும்.


போர்டிங் பழைய மாணவன்
ஏப்ரல் 24, காலை 10.15

நான் 68 வயதுக்காரன். மூன்றாம் வகுப்பிலிருந்து மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவன். 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷன் என்று தொடங்கிய நாளிலிருந்து இந்த மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வீட்டை விட்டு வந்து தங்கிப் படித்துத்தான் ஆளானார்கள். ஆகவே பிள்ளை அழுகிறான் என்றதும் பதற வேண்டாம். அழுவான், அடங்குவான்.

தம்பிக்கு ஒரே ஒரு புத்திமதி. போன் கொடுக்காதே. அம்மா குரலைக் கேட்டால் அடங்கிக்கொண்டிருந்த அழுகையும் பீறிக்கொண்டு வரும். அங்கே அம்மாவும் அழுவாள். அப்பா ராத்திரியோடு ராத்திரி வண்டி எடுத்துக்கொண்டு மலையேறுவார். ஒருவன் போனால் மறுநாள் மூன்று பேர் போக வேண்டும் என்பார்கள்.


வாலாஜா அம்மா
ஏப்ரல் 24, மதியம் 2.30

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அழுவான் அடங்குவான் என்று எல்லாவற்றையும் விட முடியாது. என் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த முகாம், எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. எப்போதாவது ராத்திரி படுக்கையை நனைத்துவிடுவான். அனுப்பும்போது படிவத்தில் அதை எழுதிக் கொடுத்தேன். அந்தப் படிவம் ஆபீஸ் ஃபைலில் இருந்திருக்கிறது, அறை அண்ணன் கண்ணில் படவே இல்லை. இரண்டாம் நாள் காலை அறைச் சுத்தப் போட்டி. ஒவ்வோர் அறையாக வந்து மார்க் போடுகிறார்கள். இவன் ஈரப் போர்வையைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்து மூடிவிட்டான். நாற்றம் வந்திருக்கிறது. அறைக்கு 10-க்கு 4. பகல் கூட்டத்தில் மைக்கில் மார்க் வாசித்தவர், இந்த அறைக்கு ஏன் குறைந்தது என்று காரணத்தையும் வாசித்துவிட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அறைப் பையன்கள் ஒன்பது பேரும் இவனைத்தான் பார்த்தார்கள்.

மிச்சமிருந்த இரண்டு ராத்திரியும் அவன் தூங்கவில்லை. தூங்கினால்தானே நனையும் என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. போர்வை இரண்டு நாள் பெட்டிக்குள் இருந்து பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அடியில் வசனம் சொன்னதற்காக வாங்கிய பரிசுப் பென்சில் டப்பாவும் நனைந்திருந்தது. மூன்று வருடம் ஆகிறது, இன்னும் எந்த முகாமுக்கும் வரமாட்டேன் என்கிறான்.

தம்பி, அந்த எட்டேகால் மணி நேரத்தில் நீ வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் பார்த்துக்கொள்.


ஆம்பூர் அண்ணன்
ஏப்ரல் 24, மாலை 6.05

அக்கா, படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. நானும் அந்த மார்க் போடுகிற வேலையை ஒரு காலத்தில் செய்தவன். யாருடைய படுக்கை எப்படி இருந்தது என்று காரணம் வாசித்ததில்லை என்றாலும், மார்க்குக்காகப் பையன்கள் ஒருவனை ஒருவன் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அறைக்கு மார்க் போடுவதையே நிறுத்தச் சொல்லிக் கமிட்டியில் பேசு தம்பி. போட்டி இல்லாமலே பிள்ளைகள் கூட்டுவார்கள்.

படுக்கை நனைவது சோம்பேறித்தனம் இல்லை. ஆழ்ந்து தூங்குகிற பிள்ளைக்கு மூத்திரம் முட்டினாலும் விழிப்பு வராது, அவ்வளவுதான். எட்டு, ஒன்பது வயதிலும் இது இருக்கும். பத்துப் பேர் அறையில் ஒருவனாவது இருப்பான் என்றே வைத்துக்கொள். புது இடம், குளிர், பகல் முழுக்க ஓட்டம், எல்லாம் சேர்ந்தால் வீட்டில் நின்றுபோன பிள்ளைக்கும் வரும்.

நான் செய்வது இது. வீட்டுப் படிவங்களை ஆபீசில் கேட்டு வாங்கி நானே படித்துவிடுவேன். எட்டு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்து, படுக்கும் முன் எல்லாரையும் வரிசையாகப் பாத்ரூம் போகச் சொல்வேன். பதினொன்றுக்கு, தேவைப்படுகிற பிள்ளையின் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிப்போவேன். அப்படியும் நனைந்தால் விடிவதற்கு முன்பே சத்தமில்லாமல் மாற்றிவிட வேண்டும். அதற்கு இரண்டு அரை டிராயர், ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு போர்வை என் பையில் இருக்கும். பையனிடம் "சரி, வா, மாத்திக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்தது. காலையில் பத்துப் பேர் போர்வையையும் வெயிலில் காயப்போடச் சொல்வேன், மலைப்பனிக்குப் போர்வையெல்லாம் ஈரம் வாங்கியிருக்கும் என்று சொல்லி. அது உண்மையும்கூட. எந்தப் போர்வை எதற்காகக் காய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.


நர்ஸ் அக்கா, சத்துவாச்சாரி
ஏப்ரல் 24, இரவு 10.30

நைட் டியூட்டிக்குப் போகும் முன் அவசரமாக எழுதுகிறேன்.

மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால் வீடுகளில் மெல்லிய சட்டையாக எடுத்து வைத்து அனுப்புவார்கள். ஏலகிரி 1,100 மீட்டர் உயரம். விடியற்காலை குளிரும். ஸ்வெட்டர் இல்லாவிட்டால் முழுக்கை சட்டையாவது எடுத்துவரச் சொல்லுங்கள். இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு முகாம் அறையில் வருடம் முழுக்க மடித்து வைத்த கம்பளியே போதும், ராத்திரி மூச்சு வாங்கும். அந்தப் பிள்ளைக்கு வீட்டுப் போர்வைதான். இன்ஹேலர் பையன் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, கையெட்டும் தூரத்தில் உங்களிடம் இருக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு எதுவும் திணிக்காதீர்கள். வாயிலும் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இடிக்கிற சாமான்களை நகர்த்துங்கள், மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

தரையில் பாய் விரித்துத்தான் படுக்கை என்றால் கட்டுவிரியனை நினைவில் வையுங்கள். ராத்திரி நடமாடுகிற பாம்பு. தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பெரிதாக வலிக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலை "வயிறு வலிக்குது" என்று எழுகிற பிள்ளைக்குக் கண் இமை தூக்க முடியாமல் சரிகிறதா, எச்சில் விழுங்கக் கஷ்டப்படுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு. கட்டுப் போடுவது, கீறுவது, வேர் கொடுப்பது எதுவும் வேண்டாம். பாயைச் சுவரை ஒட்டி விரிக்காதீர்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் யாரும் காலைக் கீழே வைக்க வேண்டாம். ஆம்பூர் அண்ணன் சொன்ன வீட்டு ஞாபக வயிற்று வலி மூன்று ராத்திரியும் வரும். இது வாழ்நாளில் ஒரு தடவைகூட வராமல் போகலாம். ஆனாலும் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் சொந்த மாத்திரை எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று. டம்ளரில் பாதி பாதியாகக் கலக்க வேண்டாம்.


அரக்கோணம் வக்கீல்
ஏப்ரல் 25, காலை 9.00

எல்லாரும் அன்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் வேலியைப் பற்றி எழுதுகிறேன்.

ஓர் அறைக்கு ஓர் அண்ணன் என்பதே தவறு. இரண்டு பேர் வேண்டும். தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஆயராக இருந்தாலும் சரி. அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம், ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது. குளிக்கிற இடத்தில் செல்போன் வேண்டவே வேண்டாம். அறைக்குள் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவதும் வேண்டாம்.

பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கிற 2012-ஆம் வருட போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் பொருந்தும், பையன்களுக்கும் சேர்த்துத்தான். நம்மில் பலர் அது பெண் பிள்ளைகளுக்கான சட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரி இருட்டில், அண்ணனை நம்பி, வீட்டில் நடக்கிற கொடுமையை ஒரு பிள்ளை சொல்லிவிடும். முகாம்களில் இது நடக்கிறது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கணா" என்று முதலில் கேட்கும். அந்தச் சத்தியத்தைச் செய்துவிடாதே தம்பி. "உனக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல். குறுக்குக் கேள்வி கேட்காதே, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வை. தெரிந்த பிறகு போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால் மறைத்தவருக்கு 6 மாதம் வரை சிறை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சபை மானம், குடும்ப மானம் என்று யாராவது உன்னைத் தடுத்தால், 1098 என்ற பிள்ளைகள் உதவி எண்ணை நினைவில் வை. எந்த நேரமும் எடுப்பார்கள்.


காட்பாடித் தம்பி
ஏப்ரல் 25, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டாவது அண்ணன் வேண்டும் என்று கேட்டேன், என் வகுப்புத் தோழனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். அறை மார்க் விஷயம் பேசியிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

இன்னொரு கேள்வி. கடைசி ராத்திரி கேம்ப் ஃபயர். செய்தி முடிந்ததும், ஆண்டவருக்கு உள்ளத்தைக் கொடுக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்பார்கள். கை தூக்கியவர்களோடு அன்று ராத்திரியே அறை அண்ணன் பேசி ஜெபிக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. என் பத்துப் பேரில் மூன்று பேர் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவர்கள், சபைக் குடும்பம் இல்லை. நண்பர்களோடு விளையாட வருகிறார்கள். அவர்களும் கை தூக்கினால் நான் என்ன பேசுவது?


ராணிப்பேட்டை டீச்சர் (ஓய்வு)
ஏப்ரல் 26, மாலை 4.20

தம்பி, 40 வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

ஒன்பது வயதுப் பிள்ளை கை தூக்குவதற்கு நூறு காரணம் உண்டு. பக்கத்தில் இருப்பவன் தூக்கினான். அண்ணன் பார்க்கிறார், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். நெருப்பு எரிகிறது, பாட்டு மெல்லப் போகிறது, அம்மா ஞாபகம் வருகிறது, நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையாகவே ஆண்டவரைத் தேடுகிற பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். எது எது என்று இராத்திரி பத்து மணிக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. களைத்துப்போன பிள்ளையை உட்கார வைத்து வாக்குறுதி வாங்காதே. தூங்கட்டும். காலையில், பல் விளக்கின பிறகு, அவனாக வந்து கேட்டால் பேசு.

உன் வேலைக்கு வேதத்தில் எனக்குத் தெரிந்த நல்ல பாடம் முதலாம் சாமுவேல் மூன்றாம் அதிகாரம். அதை நாம் எப்போதும் சாமுவேல் பக்கத்திலிருந்தே பாலர்களுக்குச் சொல்கிறோம். நீ ஏலி பக்கத்திலிருந்து ஒரு தடவை படித்துப் பார். கண் மங்கிய கிழவர். தூக்கத்தில் இருக்கிறவரிடம் ஒரு பொடியன் ஓடிவந்து, கூப்பிட்டீர்களே என்கிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார். மறுபடியும் வருகிறான். மறுபடியும், என் மகனே, போய்ப் படு. மூன்றாவது தடவை வந்தபோதும் அவர் எரிந்து விழவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிகிறது, பிள்ளையைக் கூப்பிடுவது தான் இல்லை என்று. புரிந்த பிறகும் அவர் பையன் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நிற்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டால் இப்படிப் பதில் சொல் என்று சொல்லித் திருப்பி அவன் படுக்கைக்கே அனுப்பிவிடுகிறார்.

அதற்கு முந்தின அதிகாரத்தில் ஒரு வரி வரும். அன்னாள் வருஷா வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்து அந்தப் பிள்ளைக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். சாமுவேலும் போர்டிங் பிள்ளைதான். ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவள் மனதுக்குள்ளேயே அளந்து வெட்டியிருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சபைக்கு வெளியே இருந்து வருகிற மூன்று பிள்ளைகளைப் பற்றி. அவர்களை அனுப்பிய வீடுகளில் இது என்ன முகாம், என்ன சொல்லித் தருவோம் என்று ஆயர் நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியாயிற்றா என்று கேள். ஆகவில்லை என்றால் கிளம்பும் முன் நீயே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வா. கை தூக்கினால் பெற்றோர் தலைக்கு மேலே எந்த உறுதியும் வாங்காதே. அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல். மற்ற ஏழு பேருக்கு எப்படிப் போர்வை இழுத்துவிடுகிறாயோ அப்படியே அவர்களுக்கும் இழுத்துவிடு. அவன் சாமி கும்பிட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் உள்ள பிள்ளை என்றால் அவன் பாட்டுக்குக் கும்பிடட்டும். பையன்கள் யாரும் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீ.


போர்டிங் பழைய மாணவன்
ஏப்ரல் 26, இரவு 9.10

டீச்சரம்மா எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். போன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் முதல் பதிவில் அழுவான் அடங்குவான் என்று எழுதினேன் அல்லவா, நான் எப்படி அடங்கினேன் என்று எழுதவில்லை.

எங்கள் வார்டன் ஐயா ராத்திரி அரிக்கேன் விளக்கோடு ஒரு சுற்று வருவார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வருவார். விளக்கை முழங்காலுக்குக் கீழே பிடித்திருப்பார், முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று. நாங்கள் 30 பேர் பாயில் வரிசையாகப் படுத்திருப்போம். நான் விழித்திருந்தாலும் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். அவர் என் பாய் அருகே வரும்போது ஒரு நொடி நிற்பார். விலகிக் கிடக்கிற போர்வையைக் காலால் தொடாமல், குனிந்து கையால் இழுத்துவிடுவார். பகலில் பிரம்பு எடுப்பவர்தான். அந்த ஒரு நொடிக்காக நான் தூங்காமல் காத்திருந்த ராத்திரிகள் உண்டு.


வாலாஜா அம்மா
ஏப்ரல் 26, இரவு 9.40

ஐயா, போனை ராத்திரி கொடுக்க வேண்டாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும் நேரம், இரண்டு நிமிடம் பேசினால் என்ன? கீழே இருக்கிற எங்களுக்கும் அது வேண்டும்.


காட்பாடித் தம்பி
மே 16, காலை 11.30

போய்விட்டு வந்தாயிற்று. நேற்று முழுக்கத் தூங்கினேன்.

வாந்தி மூன்று பேர். வளைவுப் பலகை விளையாட்டு நன்றாக வேலை செய்தது. கபிலர் வளைவு கிடைத்தவன் இறங்கும்போதும் அதே வளைவு தனக்குத்தான் என்று சண்டை போட்டான்.

முதல் ராத்திரி 9.30க்கு விளக்கை அணைத்தோம். 10.15 வரை கதை. 10.40க்கு மூக்கு உறிஞ்சுகிற சத்தம், ஜன்னலோரக் கட்டிலிலிருந்து. நான் நினைத்த பையன் இல்லை. பகல் முழுக்கச் சத்தம் போட்டு, இரண்டு பேரை அடித்து, நான் இரண்டு தடவை கண்டித்த பையன். கீழே உட்கார்ந்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வீட்டில் இந்நேரம் யார் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான்: "எங்க நைனா ஆஸ்பத்திரில இருக்கார்ணா. அம்மா அங்கதான் படுத்துக்கினு இருக்கும். வீடு பூட்டிக் கெடக்கும்." படிவத்தில் இது எதுவும் இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தோழன் எதிர்க்கட்டிலில் விழித்தே இருந்தான். மறுநாள் மதியம் அவனை மட்டும் ஆபீசுக்குக் கூட்டிப்போய் அம்மாவோடு பேசவைத்தோம். அப்பாவுக்குக் குணமாகிக்கொண்டு வருகிறது என்று அம்மா சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் யாரையும் அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஒருவனை அடித்தான். ஆனால் தானே போய்ச் சமாதானம் பேசினான்.

இரண்டாம் ராத்திரி ஒரு படுக்கை நனைந்தது. 4.50க்குப் பார்த்து மாற்றிவிட்டோம். பத்துப் போர்வையும் வெயிலில் காய்ந்தது. அறை மார்க் இந்த வருடம் இல்லை, வாலாஜா அக்கா எழுதியதை அச்செடுத்துக் கமிட்டியில் படித்துக் காட்டினேன்.

கேம்ப் ஃபயரில் ஆறு பேர் கை தூக்கினார்கள். யாரோடும் அன்று ராத்திரி பேசவில்லை. காலையில் ஒருவன் பிரஷ்ஷோடு வந்து நின்றான். அவனோடு பேசியதை இங்கே எழுதவில்லை.

அடுத்த வருடத்துக்காகக் கமிட்டித் தாளில் காலி இடத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்:

இரவு 9.30 விளக்கணைத்தல், பாத்ரூம் விளக்கு எரிய வேண்டும். 9.30 முதல் 10.15 இருட்டில் கதை. 10.15 முதல் 11.00 அண்ணன்மார் தூங்கக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 11.00 எழுப்ப வேண்டிய பிள்ளைகளை எழுப்புதல். 2.00 போர்வை பார்த்தல். 4.45 படுக்கை பார்த்தல்.


ஆம்பூர் அண்ணன்
மே 16, மதியம் 1.05

நன்றாக இருக்கிறது தம்பி. போர்வை பார்ப்பதை 2 மணியிலிருந்து 3.30க்கு மாற்று. ஏலகிரியில் குளிர் இறங்குவது அதற்கு மேல்தான். 10.15 வரியில் "செருப்பில்லாமல்" என்றும் சேர்த்துக்கொள்.